பாண்பெட்டிக்கு இணையம்

அனலைதீவில் எங்களிடம் ஒரு கொமடோர் 64 இருக்கிறது என்று சொன்னால் ஆட்கள் முதலில் கேட்பது, "அதென்ன?" விளங்கப்படுத்தினால் அடுத்த கேள்வி, "அதை வச்சு என்ன செய்யிறியள்?" இணையத்தில் இணைக்கிறோம் என்றால் மூன்றாவது கேள்வி வராது, சிரிப்புத்தான் வரும். கையில் இருக்கிற ஃபோன் நாள் முழுக்க இணையத்திலேயே கிடக்கிறது. பிறகேன் 1982 இல் வந்த ஒரு பெட்டியோடு மினக்கெட வேணும்? நியாயமான கேள்வி. சிரித்து முடிந்தவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் பெட்டி. கொமடோர் 64 அமெரிக்காவில் வெளிவந்த ஒரு வீட்டுக் கணினி. விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் இருக்கும். திரைக்கு வீட்டு ரீவி போதும். நினைவகம் 64 கிலோபைட். நீங்கள் எடுக்கிற ஒரு செல்ஃபி 3 மெகாபைட் என்றால், அதில் 48 இல் ஒரு பங்குதான் இந்தக் கணினியின் முழு நினைவகமும். செயலியின் வேகம் ஏறத்தாழ 1 மெகாஹேர்ட்ஸ். இருந்தும் உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஜேர்மன்காரர் இதன் உருவத்தைப் பார்த்துச் செல்லமாக "பாண்பெட்டி" என்று பெயர் வைத்தார்கள்.

எங்களுக்கும் இது ஜேர்மனியில் இருந்துதான் வந்தது. எங்களில் ஒருவரின் பெரியப்பா எண்பதுகளின் கடைசியில் அகதியாய்ப் போனவர். பழஞ்சாமான் சந்தை ஒன்றில் பிள்ளைகளுக்கென்று வாங்கியிருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்து வேறு வீடு போய்விட்டார்கள். ஊருக்குக் கப்பலில் போட்ட சாமான்களோடு, தையல் மெசினுக்கும் பீங்கான் கோப்பைகளுக்கும் இடையில், இதுவும் வந்து சேர்ந்தது. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் இருந்து வள்ளத்தில் எங்கள் தீவுக்கு. "எனக்கு எறிய மனம் வரேல்லை. தம்பி, நீங்கள் எறியுங்கோ" என்று ஃபோனில் சொன்னார். நாங்கள் எறியவில்லை.

இதை உயிர்ப்பிக்க முதல் வேண்டியது மின்சாரம். எங்கள் தீவு நாட்டின் மின்வலையோடு இணைந்தது அல்ல, டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி இருந்த இடம். 2022 இல்தான் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியனும் காற்றும் சேர்ந்த கலப்பு மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையோடு ஒப்பந்தம் எழுதினார்கள். அதனால் கருவி ஒன்றைச் செருகுவதற்கு முன் அதற்கு என்ன வேண்டும் என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். கொமடோருக்கு 5 வோல்ற் நேரோட்டமும் 9 வோல்ற் ஆடலோட்டமும் என்று இரண்டும் வேண்டும். அந்தக் காலத்து மின்வழங்கி பழசானால் 5 வோல்ற்றைத் தாண்டித் தள்ளி நினைவகச் சில்லுகளை எரித்துவிடக்கூடியது என்பது இந்தப் பெட்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விசயம். ஆகவே அதைத் தொடவேயில்லை. 5 வோல்ற்றுக்குப் புது மின்வழங்கி ஒன்று, 9 வோல்ற்றுக்குச் சின்ன நிலைமாற்றி ஒன்று. ரீவியில் நீலத் திரை வந்தது. அதில் "தயார்" என்று பொருள்படும் ஒரு ஆங்கிலச் சொல். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தயாராக இருக்கிறது, சரி. எதுக்குத் தயார்?

பெட்டியின் பின்பக்கத்தில் "யூசர் போட்" என்று ஒரு செருகுவாய் உண்டு. அந்தக் காலத்தில் தொலைபேசி மொடெம் மாட்டிய இடம். அதே இடத்தில் இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லை மாட்டலாம். ஷங்காயில் இருக்கிற எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014 இல் வெளிக்கொண்டுவந்தது. மலிவான "ஸ்மார்ட்" மின்குமிழ்கள், செருகிகள் பலவற்றுக்குள் இருந்ததும் இதுதான். பெட்டி கதைப்பது 5 வோல்ற்றில், சில்லு கதைப்பது 3.3 வோல்ற்றில். நடுவில் மின்மட்டத்தை மாற்றிக் கொடுக்கிற ஒரு சின்னச் சுற்று வேண்டும். மற்றதெல்லாம் பற்றாசு வைக்கிற வேலை.

இதில் ஒரு பகிடி உண்டு. அந்தச் சில்லின் செயலி 80 மெகாஹேர்ட்ஸ். கணினியை விட அதற்கு மாட்டின மொடெம் 80 மடங்கு வேகம். மாட்டு வண்டிக்கு முன்னால் ஆகாயவிமானத்தைக் கட்டின மாதிரி. ஆனால் விமானம் தன்னை மாடு மாதிரிக் காட்டிக்கொள்ள வேணும். இல்லையெண்டால் வண்டிக்காரனுக்கு ஓட்டத் தெரியாது.

அதைத்தான் சில்லுக்குள் இருக்கிற மென்பொருள் செய்கிறது. நாங்கள் பாவிப்பது சிமொடெம் என்ற திறந்த மூல மென்பொருள். 1981 இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் மொடெமுக்கு ஒரு கட்டளை மொழி வைத்தது. "கவனி, இந்த எண்ணுக்கு அழை" என்பதற்கு நாலே நாலு ஆங்கில எழுத்து. சில்லு அந்த மொழியை அப்படியே பேசும். தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் வழங்கி ஒன்றின் முகவரியைத் தட்டச்சுகிறோம். சில்லு வைஃபை வழியாகப் போய் இணைத்துவிட்டு, "தொடர்பு கிடைச்சுது" என்று பழைய மொடெம் மாதிரியே பதில் சொல்கிறது. பெட்டி இன்னும் தான் தொலைபேசிக் கம்பியில் கதைப்பதாகத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறது.

இந்த வேலையைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் அல்ல. சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்துக்கு ஸ்பெக்ட்ரனெற், அற்றாரிக்கு ஃபுஜிநெற் என்று ஒவ்வொரு பழைய கணினிக்கும் யாரோ ஒருவர் இரவிரவாக இருந்து வழி செய்திருக்கிறார்கள். அவற்றுக்குள் எங்களுக்கு மிகவும் பிடித்த கதை சுவீடனைச் சேர்ந்த அடம் டங்கல்ஸ் என்ற பொறியியலாளருடையது. இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளைப் பேச நிறைய நினைவகம் வேண்டும் என்று எல்லாரும் நம்பியிருந்தபோது, 2000களின் தொடக்கத்தில் அவர் ஒரு சில கிலோபைட்டுக்குள் அதை எழுதிக் காட்டினார். 2003 இல் கொண்டிகி என்ற இயங்குதளத்தை வெளியிட்டார். கொமடோர் 64 இல் இணைய உலாவி ஓடியது. 1947 இல் பெருவில் இருந்து பொலினீசியாவுக்குப் பசிபிக் கடலைக் கடந்த கொன்-ரிக்கி என்ற மரத்தெப்பத்தின் பெயர்தான் அந்த இயங்குதளத்துக்கு. கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர்களுக்கு இந்தப் பெயர் ஏன் பொருத்தம் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கதை அதோடு முடியவில்லை. பழைய கணினிக்கென்று செய்த அந்தச் சிக்கனம், பிறகு சின்னச் சின்ன உணரிகளை இணையத்தில் இணைக்கிறதுக்குத் தேவைப்பட்டது. கொண்டிகி அந்தத் துறையின் முக்கியமான இயங்குதளங்களில் ஒன்றாகியது. டங்கல்ஸ் எழுதிய இன்னொரு சிறிய வலையமைப்பு மென்பொருள்தான், பாண்பெட்டியின் முதுகில் நாங்கள் மாட்டியிருக்கிற இஎஸ்பி8266 சில்லுக்குள்ளும் ஓடுகிறது. "பழசோட விளையாடுறது வீண் வேலை" என்று சொல்கிறவர்களுக்கு எங்களிடம் இருக்கிற ஒரு பதில் இது. ஆனால் எங்களுடைய சொந்தப் பதில் வேறு.

பெட்டியை இணையத்தில் இணைத்தாயிற்று. என்ன வாசிக்கலாம்? பெட்டியின் சொந்த மென்பொருளோடு நம்பிப் போகக்கூடிய வேகம் விநாடிக்கு 2400 பிற். அதாவது விநாடிக்கு 240 எழுத்து. இன்றைக்குச் சாதாரண இணையப் பக்கம் ஒன்று 20 இலட்சம் பைட் வரும். அதை இறக்க இரண்டேகால் மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. இன்றைய இணையத்தளங்களில் பெரும்பாலானவை மறைகுறியாக்கிய தொடர்பைத்தான் ஏற்கும். அந்தக் கணக்கை 1 மெகாஹேர்ட்ஸ் செயலி செய்து முடிக்கும் முன் மற்றப்பக்கம் பொறுமை இழந்து தொடர்பை வெட்டிவிடும்.

ஆகவே ஒரு இடையாள் தேவை. எங்கள் இடையாள் மேசையின் ஓரத்தில் இருக்கிற ஒரு ராஸ்பெரி பை. அது இணையத்துக்குப் போய், மறைகுறியாக்கத்தை அவிழ்த்து, படங்களையும் விளம்பரங்களையும் கழற்றிவிட்டு, எழுத்தை மட்டும் பெட்டிக்குக் கொடுக்கிறது. பைதனில் நூறு வரிக்கு உட்பட்ட நிரல். ஆங்கிலச் செய்தி ஒன்று நீலத் திரையில் வரிவரியாக வந்து விழுந்த அன்று எங்களுக்குப் பெரிய புளுகம்.

அடுத்த நாள் தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கேட்டோம். திரை முழுக்கக் கட்டமும் கோடுமாக வந்தது. உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது.

யுனிகோடில் "தெ" என்ற எழுத்து த, ெ என்ற இரண்டு குறிகள். யூரிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், மொத்தம் 6. அதோடு நினைவகத்தில் த முதலிலும் ஒற்றைக்கொம்பு பிறகும் இருக்கும். திரையில் கொம்பு முன்னுக்கு வர வேணும். இதையெல்லாம் ஒழுங்குபடுத்துகிற அறிவு பெட்டிக்கு இல்லை. அதன் எழுத்துக்கள் 8க்கு 8 புள்ளிக் கட்டம் வேறு. அதற்குள் "ண" வை எழுதிப் பாருங்கோ, விளங்கும்.

நாங்கள் 16க்கு 16 புள்ளிக் கட்டம் எடுத்தோம். 320க்கு 200 புள்ளித் திரையில் வரிக்கு 20 கட்டம், 12 வரி. பிறகு 247 எழுத்தையும் எத்தனை வடிவத்தால் எழுதலாம் என்று எண்ணினோம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. கு, கூ வரிசைகள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு மாதிரி வளைவதால் அவற்றுக்குத் தனியாக 36. அரவும் கொம்புகளும் ஐகாரக் குறியும் 4. புள்ளி, விசிறி இரண்டு என 3. டி, டீ 2. கிரந்தமும் அதற்கான உகர ஊகாரக் குறிகளும் 8. கூட்டினால் 84. ஒரு வடிவத்துக்கு 32 பைட் படி 2,688 பைட். 64 கிலோபைட்டுக்குள் தமிழ் வசதியாக இருந்துவிட்டு, இன்னும் ஆட்களுக்கு இடம் கொடுக்கிறது.

புள்ளியையும் விசிறியையும் தனிக் கட்டத்தில் போடாமல், முன்னால் விழுந்த எழுத்தின் மேலேயே வரைகிறோம். அப்படிச் செய்யும்போதுதான் ஒன்று உறைத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையை வகுத்தபோது கையாண்டதும் இதே வழிதான். நகரா விசை. அச்சு விழும், வண்டி நகராது. எங்கள் அட்டவணையில் கீழ்ப்பாதி ஆங்கிலத்துக்கும் மேல்பாதி தமிழ் வடிவங்களுக்கும் போனது. அதுவும் புதிது அல்ல. தொண்ணூறுகளின் கடைசியில் உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் கூடி வகுத்த திஸ்கி குறியாக்கம் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு. திரையில் தெரிகிற ஒழுங்கிலேயே எழுத்துக்களைச் சேமிப்பது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் பிறகு தன் மின்னூல்களை அந்தக் குறியாக்கத்தில் வெளியிட்டது. யுனிகோடு வந்தபிறகு எங்கள் தலைமுறைக்குத் திஸ்கி என்ற பெயரே தெரியாது. பழைய பெட்டிக்கு முன்னால் இருந்தபோது, அவர்கள் அன்றைக்கு எதோடு மல்லுக்கட்டினார்கள் என்று கைக்கு விளங்கியது.

ஆக, ராஸ்பெரி பை யுனிகோடை வாங்கி, கொம்புகளை முன்னுக்கு இழுத்து, ஒரு வடிவத்துக்கு ஒரு பைட்டாக்கி அனுப்புகிறது. "தெ" இப்ப 2 பைட். முதலில் திரையில் போட்டது திருக்குறளின் முதற் குறளை. நீங்களும் எண்ணிப் பாருங்கோ. அதன் முதலடி இடைவெளியோடு சேர்த்துச் சரியாக 20 கட்டம். திரையின் அகலத்துக்கென்றே அளந்து எழுதின மாதிரி. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். எல்லாக் குறளும் அப்படி இராது. அதுக்காகச் சந்தோசப்படாமல் இருக்க ஏலுமோ?

இனி, எதுக்காக இந்த மினக்கேடு என்ற கேள்விக்கு வருகிறோம்.

எங்களில் ஒருவரின் அம்மம்மாவிடம் ஒரு பழைய ஃபோன் இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கிற மகளோடு கதைக்க ஒரு செயலியைத்தான் பாவித்தா. ஒரு நாள் அந்தச் செயலி, "இந்த ஃபோனில் இனி இயங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டது. ஃபோனுக்கு ஒரு குறையும் இல்லை. திரை உடையவில்லை, பற்றரி சாகவில்லை, ஒலி கேட்கிறது. முதல் நாள் இரவு கதைத்த அதே ஃபோன். அம்மம்மா கேட்டா, "நான் ஏதும் அமத்திப்போட்டனோ?" இல்லை அம்மம்மா, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. வேறெங்கோ யாரோ, இந்த வயதுக் கருவிகளோடு இனிக் கதைப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்லி விளங்கவைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. "ஃபோன் பழசாப்போச்சு" என்றுதான் சொல்லி வைத்தோம். அது உண்மை இல்லை என்பதைப் பாண்பெட்டிதான் எங்களுக்குக் காட்டியது.

40 வருசத்துக்கு மேற்பட்ட பெட்டி இன்றைய இணையத்தோடு கதைக்குமென்றால், 10 வருச ஃபோன் செத்துப்போச்சு என்பதில் என்ன நியாயம்? பெரும்பாலான கருவிகள் சாவதில்லை. அவற்றோடு கதைப்பதை மற்றவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. அதற்கு அடுத்த பதிப்பு வேண்டிய பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளை ஏற்காது. உலகம் முழுக்க நன்றாக ஓடுகிற கணினிகள் அந்தத் திகதியோடு "பழசு" ஆகின. புதுசு வாங்கக்கூடியவர்களுக்கு இது ஒரு செலவு. ஒவ்வொரு சாமானும் வள்ளத்தில் ஏறி வருகிற இடத்தில் இது ஒரு கதவு அடைபடுகிறது மாதிரி.

பாண்பெட்டிக்குச் செய்த இடையாளைக் கொஞ்சம் மாற்றினோம். ரொறன்ரோவில் இருந்து மகள் அனுப்புகிற மின்னஞ்சலை ராஸ்பெரி பை எடுத்து, படங்களைச் சிறிதாக்கி, வீட்டு வைஃபைக்குள் மட்டும் தெரிகிற ஒரு எளிய பக்கமாகப் போடுகிறது. அம்மம்மாவின் ஃபோனில் இருக்கிற பழைய உலாவிக்கு அது போதும். பேரப்பிள்ளையின் படம் வருகிறது, கடிதம் வருகிறது. அழைப்பைத் திருப்பிக் கொடுக்க எங்களால் ஏலவில்லை. குரல் அழைப்புக்கு மற்றப்பக்கமும் மனம் வைக்க வேணும். அதைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த ஃபோன் இப்ப அலமாரிக்குள் கிடக்கவில்லை. மேசையில் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேணும். மறைகுறியாக்கம் வந்ததே இடையாட்களைத் துரத்துவதற்குத்தான். இடையில் நிற்கிறவருக்கு எல்லாக் கடிதமும் திறந்த கடிதம். எங்கோ ஒரு நாட்டில் இருக்கிற இலவச இடையாளிடம் அம்மம்மாவின் கடிதங்களைக் கொடுத்தால், பழைய கருவியைக் காப்பாற்றி வீட்டை விற்ற கதையாகிவிடும். அதோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஃபோனை நேரடியாக இணையத்தில் விடுவதும் ஆபத்து. அதனால் இரண்டு விதி வைத்திருக்கிறோம். இடையாள் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேணும். பழைய கருவி அந்த இடையாளைத் தவிர வேறு ஒருத்தரோடும் கதைக்கக் கூடாது. வங்கி வேலை, கடவுச்சொல் வேலை எதுவும் அதில் இல்லை.

எங்கள் பெற்றோருக்கு இந்த மாதிரி வேலை புதுசில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்த பொருட்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருத்தர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்ட காலம் அது. அந்தக் கதையை வீரக்கதையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சுற்றினவர்களைக் கேட்டால், "கை நொந்தது" என்றுதான் முதலில் சொல்லுவினம். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது, புதுசு வாங்கலாம், அல்லது வெளிநாட்டில் இருக்கிற யாரையும் கேட்கலாம். வழி இருக்கும்போதும் இதைச் செய்வதற்குக் காரணம், ஒரு கருவி எப்போது முடிந்தது என்று தீர்மானிக்கிற உரிமையில் கொஞ்சமாவது எங்கள் கையில் இருக்க வேணும் என்பதுதான். அதற்குக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேணும். 64 கிலோபைட் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு மனிசரால் முழுதாக அறிந்துவிட முடியும். இன்றைய ஃபோனுக்குள் அப்படி ஒருத்தராலும் ஏலாது. படிக்கிறதுக்கு நல்லது பாண்பெட்டிதான்.

எழுத்து வடிவங்கள் 84 ஐயும் இன்னும் திருத்திக்கொண்டு இருக்கிறோம். "ஞூ" பார்க்கிறதுக்கு இன்னும் நண்டு மாதிரித்தான் இருக்கிறது. அடுத்தது, தமிழில் தட்டச்சி அங்கிருந்தே பதில் அனுப்புகிற வழி. உங்கள் வீட்டு அலமாரியிலும் "பழசு" என்று ஒதுக்கின ஒரு கருவி இருக்கும். எறிய முதல் ஒருக்கால் மின்சாரம் கொடுத்துப் பாருங்கோ. அது இன்னும் தயார் என்று சொல்லக்கூடும்.